அட்டைக் கனம்

பதினெட்டாயிரம் கொரூனா. பேரம் பேசவில்லை.
விலிபால்ட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்:
"வண்டி கிளம்பிவிட்டால்
என்னிடம் வந்து சொல்லாதே, ஹெட்விகா."

ஏன் என்று கேட்கவில்லை நான்.
இந்த ஊர்த் தபால் நிலையத்தில்
இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள்.
ஒட்டிய உறையை ஒட்டியபடியே
நீட்டிப் பழகிய கை என்னுடையது.

முயல் கூண்டுகளுக்குப் பின்னால்
கிழிந்த கம்பளியொன்றைப் போர்த்திக்கொண்டு
இருபத்தேழு குளிர்காலம் நின்றிருந்தது ஜாவா.
டயர் இரண்டும் தரையோடு சப்பிக் கிடந்தன.
டாங்க் மூடியைத் திருகியதும் மூக்கில் ஏறியது
வார்னிஷும் அழுகிய பழமும் கலந்த நெடி.
இருக்கைக்கு அடியில் எலிகள்
பதிவுப் புத்தகத்தைக் கொறித்து மெத்தை செய்திருந்தன.
'உரிமையாளர்' என்ற சொல் மட்டும் முழுசாகப் பிழைத்திருந்தது,
பக்கத்தில் ஓட்டை.

டிராக்டரில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தோம்.
கிழவர் வாசலுக்குக்கூட வரவில்லை.
முயல்களுக்குக் கேரட் இலை போட்டுக்கொண்டிருந்தார்,
ஒவ்வொன்றாக.

பிளக் துளைகளில் டீசல் ஊற்றினேன்.
வேலை முடிந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல்
நெம்புகோலில் ஒரு காலை வைத்துப் பார்ப்பேன்.
பாறை.
மறுநாளும் பாறை.
பதினோராம் நாள் ஒரு நகக்கண் அளவு இறங்கியது.
அன்றிரவு சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை.

டாங்குக்குள் திருகாணிகளும் வினிகரும் போட்டு
மடியில் வைத்துக் குலுக்கினேன்.
சமையலறை முழுக்கச் சில்லறை எண்ணும் சத்தம்.
வீட்டிலும் ஆபீஸா என்றான் மகன்.
கார்புரேட்டரை ஜாம் காய்ச்சும் பாத்திரத்தில் கொதிக்கவைத்தேன்.
(அதில் இனி ஜாம் காய்ச்ச முடியாது.
அதற்கு வருத்தப்படவும் இல்லை.)

இந்த வண்டியில்
உதைக்கவும் கியர் மாற்றவும் ஒரே நெம்புகோல்தான்.
உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைக்கலாம்.
அதைக் கண்டுபிடிக்கவே ஒரு சனிக்கிழமை போனது.
கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.
கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த நேரம்.
நாற்பது உதை வரை எண்ணினேன்,
அப்புறம் திட்ட ஆரம்பித்ததில் கணக்கு விட்டுப்போனது.
ஒரு இருமல்.
இன்னொன்று.
பிறகு ப்ளம் மரங்களுக்கு நடுவே
நீலமாய்ப் புகை எழும்ப
தகரத்தில் ஆலங்கட்டி கொட்டியதுபோல்
பிடித்துக்கொண்டது.
கோழிகள் கூரையேறின. மகன் கத்தினான், கேட்கவில்லை.
நான் கைப்பிடியை முறுக்கினேன்,
முறுக்கினேன்.

பெச்வா ஆற்றுக்கு இந்த இடத்தில் அகலம் குறைவு.
இலையும் உதிர்ந்துவிட்டது.
சத்தத்துக்குப் பாலம் வேண்டாம் என்பது
அப்போதுதான் உறைத்தது.
அவசரமாக அணைத்தேன்.
எதிர்க்கரையில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
அவ்வளவு அமைதியை
அதற்குமுன் நான் கேட்டதில்லை.

பதினைந்தாம் தேதி பென்ஷன் வரிசை.
கையெழுத்துப் போட்டார், பணத்தை எண்ணினார்,
நகரவில்லை.
பின்னால் பார்சலோடு நின்ற அம்மாள்
தொண்டையைச் செருமினாள்.
சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து
மூடியின் ஓரத்தைக் கிழித்தார்.
கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"இடது சிலிண்டர் விட்டுவிட்டு எரிகிறது.
பாயின்ட் இடைவெளி கூடிப்போயிருக்கிறது.
இந்தக் கனம் போதும்."

வாய் திறக்கவில்லை நான்.
பேச்சென்றால் பேச்சுதான்.
அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்,
மழை வருவதற்கு முன்பே.

அடுத்தது என்றேன். பார்சல் வந்தது.
குனிந்து பார்த்தால்
கை தன் பழக்கத்தில்
அட்டைத் துண்டின்மேல்
அன்றைய தேதியைக் குத்தி வைத்திருந்தது.